முழங்கை வளைவில் அணைகிற வண்டி

எங்கள் வரிசையில் மொத்தம் ஆறு கடைகள். ஐந்தாவது என்னுடையது, தராசு பழுது பார்க்கிறேன். ஆறாவது, தகரக் கூரை போட்ட நீண்ட ஷெட், சுருள் அக்காவுடையது. அந்தப் பெயர் பாதி அவள் சுற்றுகிற மோட்டார்க் காயிலால் வந்தது, மீதிப் பாதி எந்தச் சீப்புக்கும் அடங்காத அவள் தலைமுடியால் வந்தது. எதனால் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

பதினேழு வயதில் மின்விசிறி மோட்டார் சுற்றும் பட்டறையில் சேர்ந்தவள். இருபத்திரண்டு வருடம் அங்கே செப்புக் கம்பி சுற்றினாள். பட்டறையை மூடியபோது கூட வேலை செய்த பெண்கள் தையலுக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். இவள் மட்டும் ஒரு பழைய சுற்றும் இயந்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்து ஷெட்டைப் பிடித்தாள். முதலில் தண்ணீர் மோட்டார்கள் வந்தன. பிறகு யாரோ ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளின் மேக்னெட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார். பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் செய்து பிளக்குக்குப் பொறி அனுப்புகிற சாமான் அது. அதற்குள் இருக்கிற காயிலின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ஆயிரக்கணக்கான சுற்று. நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா அதைச் சுற்றிக் கொடுத்த நாளிலிருந்து பழைய வண்டிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வர ஆரம்பித்தார்கள்.

அவளுக்குக் கல்யாணம் ஒன்று ஆகி, பத்து மாதத்தில் முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினாள்.

"நடுவுல அறுந்த கம்பிய முடிச்சுப் போட்டுச் சுத்தக் கூடாது தராசு. அந்த இடம் சூடாயிட்டே இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. என்னை அவள் தராசு என்றே கூப்பிடுவாள். என் உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். வண்டிக்காரர்களில் சிலர் வண்டிமேல் ஏதோ ஏறியிருக்கிறது என்று நிஜமாகவே நம்பி வருவார்கள். "மெஷின்ல பேய் இருக்காதுங்க. எர்த் இருக்கும்" என்பாள். கம்பி படக்கூடாத இடத்தில் பட்டு, மின்சாரம் வண்டியின் உடம்புக்குள் போய்ச் செத்துவிடுவதை அவள் எர்த் என்பாள். அப்படிச் சொன்னவள்தான் ஒரு வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் ஒரு சரக்கு வண்டியில் அதைக் கொண்டுவந்து இறக்கினார். பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பு ஒன்றைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கட்டை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை. அக்காதான் அவிழ்த்தாள்.

கறுப்பு டேங்க், உருண்டை முகப்பு விளக்கு, முன்சக்கரத்துக்கு மேலே ஒற்றை ஸ்பிரிங் வைத்த பழைய மோட்டார் சைக்கிள். அங்கங்கே துரு. மற்றபடி ஒரு நசுங்கல்கூட இல்லை.

"எங்க அண்ணனோடது, அக்கா" என்றார். "முப்பத்தோரு வருஷமா அண்ணி வீட்டுப் பின்கட்டுல இருந்துச்சு. அண்ணி யாரையும் தொட விட்டதில்ல. போன மாசம் அவங்களே கூப்பிட்டு, ஒரு தடவை இது ஓடற சத்தத்தக் கேக்கணும், அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கோன்னாங்க."

எனக்கு அந்த வண்டியைத் தெரியும். ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அது நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மூடிப்போன தொழிற்சாலையின் உயரமான சுவரை ஒட்டிச் சாலை திடீரென்று ஒரு பக்கம் மடங்கி, உடனே மறுபக்கம் மடங்கி நேராகும். அதை முழங்கை வளைவு என்போம். ஒரு காலை நேரம் அங்கே எதிரே வந்த லாரியின் பக்கவாட்டில் மருந்துக்கடைக்காரரின் அண்ணனுடைய தோள் மோதி, அவர் தெறித்து விழுந்தார். வண்டி மட்டும் தனியாக ஓடிப் போய் எதிர்ப்பக்கப் புதரில் சாய்ந்தது. ஆட்கள் ஓடிவந்தபோது அவர் உயிர் போயிருந்தது. புதருக்குள் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்தப் போக யாருக்கும் தைரியம் வரவில்லை. பெட்ரோல் வருவது நின்று, அதுவாக அடங்கும்வரை எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்களாம்.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். "சரி, அன்னிக்கு ஓடிச்சுல்ல? அப்ப இன்னிக்கும் ஓடும்" என்றாள்.

இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி வண்டியை மரமேடையில் ஏற்றினாள். பிளக்கைக் கழற்றி, ஒயரோடு என்ஜின் தலைமேல் சாய்த்து வைத்து கிக்கரை உதைத்தாள். பொறி இல்லை. கைப்பிடியில் என்ஜினை அணைப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதிலிருந்து மேக்னெட்டோவுக்கு ஒற்றைக் கம்பி ஓடும். பொத்தானை அமுக்கினால் அந்தக் கம்பி எர்த் ஆகிப் பொறி நிற்கும். அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு உதைத்தாள். அப்போதும் இல்லை. திறந்து மூடிப் பொறியை விடுகிற பாயிண்ட்டின் இரண்டு முனையிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்ததும், செத்தேன் பிழைத்தேன் என்று மஞ்சளாக ஒரு பொறி வந்தது.

"இது எறும்பைக்கூட எழுப்பாது" என்றாள்.

மேக்னெட்டோவைப் பிரித்தால், உள்ளே காயிலின் அரக்கு உருகித் தார்போல வழிந்திருந்தது. கண்டென்சர் செத்திருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து காயிலைப் புதிதாகச் சுற்றினாள். காந்தத்துக்கு வலு ஏற்றி வாங்கிவந்தாள். டேங்க்கின் துருவைக் கழுவி, கார்புரேட்டரின் ஊசித்துளையை ஊதித் திறந்தாள். பாயிண்ட் நடுவே ஒரு சிகரெட் தாளைச் செருகி, என்ஜினைக் கையால் மெல்லத் திருப்பி, தாள் விடுபடுகிற இடத்தைப் பார்த்துப் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தாள். பொத்தான் கம்பியைத் திரும்ப மாட்டி மீட்டர் வைத்தும் பார்த்தாள். கைப்பிடியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. எங்கும் எர்த் இல்லை.

ஒன்பதாவது உதையில் என்ஜின் பிடித்தது. அந்தக் காலத்து வண்டிக்கே உரிய கனத்த, விட்டுவிட்டு அடிக்கிற சத்தம். மருந்துக்கடைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து என் கடைச் சுவரில் முதுகு முட்ட நின்றுவிட்டார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, ஈரத்துணியைப் பிடித்த கையோடு அப்படியே நின்று பார்த்தார்.

"அவன் வந்துட்ட மாதிரியே இருக்குக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அக்கா ஓட்டிப் பார்க்கப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"முழங்கை வளைவுல நின்னுபோச்சு."

நான் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெட்ரோல்ல தூசு வந்திருக்கும். அங்கேயே ஒரு உதைதான், எந்திரிச்சிருச்சு."

திரும்பி வரும்போதும் அங்கேதான் நின்றதாம். அதைச் சாயங்காலம்தான் சொன்னாள்.

அக்காவின் மூளை அதற்குமேல் சும்மா இருக்காது. கடையிலிருந்து வளைவுக்குப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் கண்டென்சர் சூடாகிக் கைவிடலாம். அதனால் வேறொன்று போட்டாள். அடுத்த நாள் வளைவுப் பக்கமே போகாமல் மற்றத் தெருக்களில் அரை மணி நேரம் சுற்றினாள். வண்டி தும்மக்கூட இல்லை. சூடுதான் காரணம் என்றால் இந்நேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு வளைவுக்குப் போனாள். நின்றது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கும் என்று மூடியைத் தளர்த்திவிட்டுப் போனாள். நின்றது. புது பிளக் போட்டாள், பிளக் ஒயரை மாற்றினாள், எதிர்த்திசையிலிருந்து வந்து பார்த்தாள். நின்றது. ஒவ்வொரு தடவையும் வண்டி அணைந்த இடத்துக்கு நேராகத் தொழிற்சாலைச் சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

ஏழாவது தடவை என்னையும் பின்னாலேயே ஸ்கூட்டரில் வரச் சொன்னாள். "எனக்குப் பயம்னு நெனைக்காத. இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்" என்றாள்.

உச்சிவெயில். சாலையில் ஒரு ஈ, காக்கை இல்லை. சுவர் முழுக்க வெளுத்து, கண் கூசியது. வளைவின் நடுவில் சாலைக்குக் குறுக்கே மழைத்தண்ணீர் ஓட ஒரு பள்ளம் இருக்கும். அக்கா வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இடதுபுறம் ஒடித்தபடி அதில் இறங்கினாள், சட்டென்று சத்தம் போயிற்று. கிளட்ச்சைப் பிடித்து ஓரமாக உருட்டி நிறுத்தினாள். நானும் ஸ்கூட்டரை அணைத்தேன்.

சுவரில் ஆறு கோடுகள் இருந்தன. ஆறும் ஒரு முழ அகலத்துக்குள் அடங்கின. ஏழாவதைப் போட அவள் சாக்குக்கட்டியை எடுத்தாள்.

அப்போதுதான் கேட்டது. சுவருக்குள்ளிருந்து வருவதுபோல, கனத்த, விட்டுவிட்டு அடிக்கிற அந்தச் சத்தம். நாலைந்து தடவை அடித்தது. எங்களுக்கு முன்னால் நகர்ந்து, எதிர்ப்பக்கப் புதர் இருக்கும் திசையில் போய் நின்றது. இரண்டு வண்டியும் அணைந்து ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

நான் அக்காவைப் பார்த்தேன். சாக்குக்கட்டி சுவரில் படாமல் அந்தரத்தில் நின்றது.

"எதிரொலி" என்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

"எதிரொலின்னா உடனே வரணும்" என்றாள். கோட்டைப் போட்டாள். அந்த ஒரு கோடு மட்டும் கோணலாக விழுந்தது. வண்டியை உதைத்தாள். கடையில் ஒன்பது பத்து உதை கேட்கிற வண்டி, அங்கே ஒரே உதையில் எழுந்துகொண்டது. சூடான என்ஜின் அப்படித்தான் எழும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த இடத்தில் அது நல்லதாகப் படவில்லை.

அதன்பிறகு அந்த வண்டி இருக்கும்போது ஷெட்டுக்குள் போக எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் மாலை நாலு மணி வாக்கில் அக்கா கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள், நான் தேநீர் கொண்டுபோனேன். மேடைமேல் நின்ற வண்டி மெல்ல ஒரு பெருமூச்சு விட்டது. கிக்கர் ஒரு விரற்கடை தானாக இறங்கியது.

"உள்ளே அடைபட்ட காத்து கசியுது. பழைய என்ஜின்ல சகஜம்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. ஆனால் சுற்றிக்கொண்டிருந்த கம்பி அறுந்திருந்தது. அவள் கையில் கம்பி அறுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரக் கடைசியில் அண்ணி வந்தார். தனியாக, குடையை ஊன்றிக்கொண்டு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் எல்லோருக்குமே அவர் அண்ணிதான். மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டேங்க்மேல் கை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

"ஓடுதாமே?"

"ஓடுதும்மா. ஒரு இடத்துல மட்டும் நின்னுபோகுது."

"எந்த இடம்?"

அக்கா பதில் சொல்லவில்லை. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நகரப் பார்த்தேன். "இருப்பா, ஊருக்கே தெரிஞ்ச கதை. தெரியாதது கொஞ்சம் இருக்கு. கேட்டுட்டுப் போ" என்றார்.

விபத்தன்று காலை அவருக்கும் கணவருக்கும் சண்டை. ஏதோ அற்ப விஷயம். என்னவென்று இப்போது அவருக்கே நினைவில்லை. கணவர் வண்டியை எடுக்கும்போது இவர் வாசலில் நின்று, "போறவரு அப்படியே போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். கால் மணி நேரத்தில் செய்தி வந்தது.

"லாரி ஓட்டினவன் எங்க வீட்டுக்கே வந்தான்மா. என் கால்ல விழுந்து அழுதான். நான் ஒண்ணும் பண்ணலம்மா, வளைவுல அவரு வண்டிச் சத்தம் நின்னுச்சு, நிறுத்தப் போறாருன்னு நெனச்சேன், அடுத்த நொடி உறுமிக்கிட்டு நேரா என் மேல வந்துட்டாருன்னான். எல்லாரும் அவன் தப்பிக்கச் சொல்றான்னாங்க. எனக்கு மட்டும் தெரியும், அவன் பொய் சொல்லல. இவரு ஒரு நொடி நின்னு, நான் சொன்னத நெனச்சு, முடிவு பண்ணிட்டுத்தான் போயிருக்காரு."

இதை அவர் அழாமல் சொன்னார். முப்பத்தோரு வருடத்தில் அழுகையெல்லாம் தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

அக்கா வேறெதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, முதல்ல சத்தம் நின்னுச்சுன்னா சொன்னான்?"

"ஆமா."

"அப்புறம் உறுமிச்சு?"

"ஆமாம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். அண்ணியைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். அக்கா ஓடி நான் பார்த்ததில்லை.

"தராசு, அன்னிக்கும் இதேதான்யா நடந்திருக்கு. அப்ப இது நான் சுத்தின காயில்ல இல்ல, நான் போட்ட கண்டென்சர்லயும் இல்ல. அன்னிக்கு இருந்து, இன்னிக்கும் நான் மாத்தாம விட்ட சாமான் எது?"

எனக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாள்: பொத்தானும் அதன் கம்பியும்தான்.

வண்டியைத் தரையில் இறக்கினாள். மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் மாட்டினாள். கம்பி எங்காவது பட்டால் மீட்டர் கீ என்று கத்தும். கைப்பிடியை இடதுபுறம் முழுக்கத் திருப்பினாள். சத்தமில்லை.

"நீ ஏறி உக்காரு. உன் கனத்த எல்லாம் முன்னால போடு. பள்ளத்துல எறங்கற மாதிரி அமுக்கு."

ஏறினேன். கைப்பிடியை இடதுபுறம் ஒடித்து, மார்பால் அழுத்தினேன். முன் ஸ்பிரிங் முனகிக்கொண்டு அமுங்கியது, முகப்பு விளக்கு ஒரு அங்குலம் அசைந்தது.

கீ என்று மீட்டர் கத்தியது.

விட்டேன். நின்றது. அமுக்கினேன். கத்தியது. கைப்பிடியை நேராக்கினேன். நின்றது.

விளக்கைக் கழற்றினாள். அதற்குப் பின்னால், விளக்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் முன்சக்கரத் தண்டுக்கும் நடுவில் கம்பி சிக்கியிருந்தது. ஒரு இடத்தில் மேலுறை கடிபட்டு உள்ளே செம்பு தெரிந்தது. அதற்கு நேரே தண்டின் பெயின்ட்டில் ஊசிமுனை அளவுக்குக் கருகிய புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இடதுபுறம் திருப்பலும் பள்ளமும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் கம்பி அங்கே படும். ஊரில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தப் பள்ளத்தைத் தொடும்போது கைப்பிடி இடதுபுறம் ஒடிந்தே இருக்கும். மேடைமேல் சக்கரம் தொங்கியபோது ஸ்பிரிங் நீண்டிருந்ததால் மீட்டர் கண்டுபிடிக்கவில்லை.

"நான் மெதுவா போறேன், கிளட்ச்சப் புடிச்சேன், ஓரமா நின்னேன்" என்றாள். "அவரு அவசரத்துல போயிருக்காரு. நடு வளைவுல என்ஜின் செத்திருச்சு. என்னாச்சுன்னு கைப்பிடிய நேராக்கியிருப்பாரு. கம்பி விட்டுருச்சு. முறுக்கின கை முறுக்கினபடியே இருந்திருக்கும். பொறி வந்ததும் வண்டி அவரைத் தூக்கிக்கிட்டு நேரா பாஞ்சிருச்சு."

நான் கீழே இறங்கித் தள்ளி நின்றேன். அக்கா இன்னும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியில் ஓர் இணைப்பு இருந்தது. அதன்மேல் மின்சார வேலைக்கான டேப் இல்லை. காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. பழுத்துப் பழுப்பாகிப் போயிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கவனித்தோம். மருந்துக்கடைக்காரரின் அப்பாவும் மருந்துக்கடைதான் வைத்திருந்தார்.

இரண்டு நாள் அக்கா வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. கம்பியை மாற்றி, வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினாள். வளைவுக்குப் போய்வந்தாள். அணையவில்லை என்றாள். "அந்தச் சத்தம்?" என்று கேட்டேன். "என்ஜின் ஓடிட்டிருக்கும்போது அது தனியா எப்படிக் கேக்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"சொல்லாம விட்டா அந்த அம்மா மேல இருக்கறது எறங்காது" என்றாள் பிறகு. "சொன்னா, அது மருந்துக்கடைக்காரர் மேல ஏறும். நீதான் தராசுக்காரன். சொல்லு."

"எங்கிட்ட இருக்கற படிக்கல் இதுக்குப் பத்தாதுக்கா."

மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் வந்ததும் உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டுவிட்டாள்.

"இந்தப் பொத்தானப் போட்டது யாரு சார்?"

அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "நான்தான். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. இந்த வண்டிய நிறுத்த அண்ணன் தினமும் மல்லுக்கட்டுவான். ஒரு பொத்தான் வாங்கி, நானே ஒயர் இழுத்து..." அவர் பேச்சு அங்கே நின்றது. அக்காவின் உள்ளங்கையில் இருந்த கம்பித் துண்டைப் பார்த்துவிட்டார்.

அக்கா எதையும் பூசி மெழுகவில்லை. எங்கே சிக்கியது, எப்போது படும், அன்று என்ன நடந்திருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். அண்ணி வந்து சொன்னதையும் சொன்னாள். அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "அவன் போறதுக்கு எத்தனை நாள் முன்னாடி போட்டேன்னு யோசிக்கிறேன்" என்றார். "அஞ்சு நாள். அஞ்சு நாளும் அவன் வளைவுப் பக்கம் போகல போலிருக்கு."

"நான் போய்ச் சொல்லட்டுமா சார்?"

"வேண்டாம்க்கா. நானே சொல்றேன். நீங்க வண்டிய மட்டும் கொண்டாங்க."

மறுநாள் முற்பகல் அக்கா வண்டியை ஓட்டிப் போனாள், நான் ஸ்கூட்டரில் போனேன். அண்ணியின் வீட்டுக்கு முன்னால் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம். அண்ணி படியில் நின்றார். மருந்துக்கடைக்காரர் அவருக்கு எதிரே நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல, கையைத் தொங்கவிட்டபடி எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி கையை நீட்டினார். அக்கா அந்தக் கம்பித் துண்டைக் கொடுத்தாள். அண்ணி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அவரா போகல" என்றார்.

கம்பியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"வீட்டுக்குத் திரும்பி வரணும்னுதான் இருந்திருக்காரு." படியில் உட்கார்ந்தார். உடம்பு முழுவதும் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அழுகை தீர்ந்துபோனதாக நான் நினைத்தது தப்பு.

மருந்துக்கடைக்காரர் அவர் காலடியில் மண்டியிட்டார். "அண்ணி, என் கையால... நான்தான் அண்ணி..."

அண்ணி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். "இரு. இன்னிக்கு நான் இத மட்டும் கேட்டுக்கறேன். உன்னோடத அப்புறம் கேக்கறேன். இப்ப முடியாது."

கொஞ்ச நேரம் கழித்து வண்டியை எழுப்பச் சொன்னார். அக்கா உதைத்தாள். அண்ணி இறங்கிவந்து இரண்டு கையையும் டேங்க்மேல் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அதிர்வு அவர் தோள்வரை ஏறுவது தெரிந்தது. "போதும்" என்றார். அக்கா பொத்தானை அமுக்கினாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் அண்ணி அவரோடு பேசவில்லை. அவர் வழக்கம்போல மாதத் தொடக்கத்தில் அண்ணியின் மாத்திரைகளை வாசலில் வைத்துவிட்டு வருவார். மாத்திரை பிறகு உள்ளே போகும், அவர் நிற்கும்வரை கதவு திறக்காது. மருந்துக்கடைக்காரர் பாதியாக இளைத்துப்போனார். கடையில் வேறு யாராவது வயதான அம்மா "தம்பி" என்று கூப்பிட்டால்கூட அவருக்குக் கண் நிறைந்துவிடும். அக்கா சில நாள் அவர் கடைக்குப் போய், வாங்க எதுவும் இல்லாவிட்டாலும் சும்மா நின்றுவிட்டு வருவாள். தான் சொன்னது சரியா என்று என்னிடம் அதற்கப்புறம் ஒரு தடவையும் கேட்கவில்லை. ஆனால் ஷெட்டுக்கு எந்தப் பழைய வண்டி வந்தாலும், முதலில் யாரையாவது மேலே உட்காரவைத்துவிட்டுத்தான் மீட்டரைத் தொடுகிறாள்.

மூன்றாவது மாதம் மாத்திரை வாங்க அண்ணியே கடைக்கு வந்தார். அக்காவும் நானும் அப்போது அங்கேதான் இருந்தோம். அண்ணி மாத்திரை அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

"நீ பொத்தான் போட்டுக் குடுத்த அன்னிக்குச் சாயங்காலம் அவரு என்ன பண்ணாரு தெரியுமா?"

மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

"என்னை வாசலுக்குக் கூப்பிட்டாரு. வண்டிய எழுப்புவாரு, பொத்தான அமுக்குவாரு, எழுப்புவாரு, அமுக்குவாரு. பத்து தடவ. ஒவ்வொரு தடவையும் 'பாரு, எந்தம்பி போட்டது'ன்னு சொன்னாரு. அடுப்புல வச்சது தீஞ்சுபோச்சு. அதுக்குக்கூட அன்னிக்கு நான் அவரைத் திட்டல."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்துச்சீட்டோடு ஒருவர் வந்தார். "கொஞ்சம் இருங்க, வந்துடுவாரு" என்று சொல்லி அக்கா அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள்.